இலவச வைத்தியத்தின் விலை



சில நாட்களுக்கு முன் எமது பாடசாலை மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தான். "ஐயா, அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம் என்கிறார்களே, அப்படியானால் அதற்குப் பணங் கொடுப்பவர் யார்?" என்றான். கேட்டவன் சிறுவன், விடையோ நம் நாட்டு வரலாற்றிலே பொதிந்து கிடக்கின்றது.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டம் இலங்கை மக்களுக்குச் சர்வசன வாக்குரிமையை நல்கியது. மூன்றாண்டுகள் கழிந்தன, 1934இல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவை வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் மூண்ட மலேரியாக் காய்ச்சல் 1935 முடியுமுன் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது.

மாண்டவர்களுட் பலர் ஏழைகள். எஞ்சிய ஏழைகளின் கையிலோ வாக்கு இருந்தது. எனவே, "எங்கள் ஊருக்கு வைத்தியசாலை எங்கே?" என்ற கேள்விக்கு அரசாங்க சபை உறுப்பினர்கள் விடை கூறவேண்டியவராயினர். நாட்டுப்புறங்களில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகின. மருத்துவமாதர் வீடுதோறுஞ் சென்று தாய்மாரைப் பேணினர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1946இல், பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. அண்மைக் காலத்தில் அத்தொகை ஏறத்தாழப் பத்தாகக் குறைந்துள்ளது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நிற்க, மாணவனின் வினாவுக்கு வருவோம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? தேயிலை, இறப்பர் ஏற்றுமதித் தீர்வைகள் அக்காலத் திறைசேரியைப் பெரிதும் நிரப்பின. ஆனால், அத்தேயிலையைக் கொய்த மலையகத் தொழிலாளருட் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். அவர்தம் வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. 1990களிலேதான் தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. வாக்கு இருந்த ஊருக்கு வைத்தியசாலை வந்தது. வாக்கற்ற லயத்துக்கு அது வரவில்லை.

மற்றொரு பாடமும் உண்டு. 1971இல் வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் அறவிடும் முறை புகுத்தப்பட்டது. சிறு தொகைதானே என்பீர்கள். ஆயினும் வருவோர் தொகை குறைந்தது. அன்றைய கூலியையும் இழந்து, பேருந்துக்கும் பணங் கொடுத்து வரும் தாய்க்கு அச்சிறு தொகையும் பாரமன்றோ? 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது.

2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நோயாளர் பலர் சீட்டை ஏந்தியவாறு தனியார் மருந்துக் கடைகளை நாடினர். அரசு கொடுக்கத் தவறும் பணத்தை நோயாளியே கொடுக்க நேர்கின்றது.

ஆகவே மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, பணங் கொடுப்பவர் நாம் எல்லோரும். நீ வாங்கும் கொப்பியிலும் வரி உண்டு. இலவச வைத்தியம் எவரும் இடும் பிச்சையன்று. நாம் நலமாயிருக்கும்போது கொடுத்துவைத்ததை நோயுற்றபோது பெறுகின்றோம். அதனைக் கேட்டுப் பெறும் உரிமையும், காத்துப் பேணும் கடமையும் நமக்கு உண்டு."