நன்னம்பிக்கை முனையின் பரம்பரைச் சொத்து

1652-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யான் வான் ரீபெக் என்பவரின் தலைமையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலே கரையிறங்கியது ஒரு தேசத்தை ஸ்தாபிக்கும் உத்தேசத்தோடு அன்று. கீழ்த்திசைக்குப் போய்வரும் தங்கள் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் இறைச்சியும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே. ஆனால் ஐந்தாண்டுகளுக்குள் கம்பெனியின் சேவகத்திலிருந்து விடுபட்ட சிலர் அங்கே உழுது பயிரிடத் தொடங்கினர், 1688 முதல், மதத்தின் பொருட்டுத் தாயகம் துறந்த பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் வந்து சேர்ந்தனர், ஜெர்மானியரும் கலந்தனர். அச்சிலரது சந்ததியே பெருகி, இன்று 25 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கானர் சமூகமாயிற்று.

பிள்ளைகள் நிறையப் பிறந்தன. பண்ணைகளோ ஒன்றுக்கொன்று வெகுதூரம். மொழியும் திருச்சபையும் வேலியாக நின்றதால் பெரும்பாலும் தமக்குள்ளேயே விவாகம் செய்துகொண்டனர். இத்தகைய சமூகத்தில், முதலில் வந்தவருள் யாரோ ஓரிருவரிடம் இருந்த நுண்ணிய குறைபாடு, பாகம் பிரித்தாலும் குறையாத விபரீதமான குடும்பச் சொத்தைப் போல, தலைமுறைதோறும் பெருகிவிடுகிறது.

ஆப்பிரிக்கானரிடம் அவ்வாறு பெருகிய குறைபாடு ஒன்றின் இயல்பை முதலில் தெளிவாகக் கண்டவர், ஆப்பிரிக்காவுக்கு வெகு தொலைவில், நார்வேயின் ஆஸ்லோ நகரில் இருந்த கார்ல் முல்லர் என்ற வைத்தியர். தசைநாண்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள், ரத்தத்தில் மிகுந்த கொலஸ்டிரால், இளவயதில் மாரடைப்பு ஆகிய மூன்றும் ஒரே குடும்பங்களில் சேர்ந்தே தொடர்வதை ஆராய்ந்து, இது பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு இறங்கக்கூடிய பிறவிக் குறை என்று 1938-இல் அவர் எழுதினார். பின்னர், 1960-களில், பெய்ரூட்டில் கச்சதூரியன் என்பவர் லெபனான் குடும்பங்களைப் பார்த்து, ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு நடுவயதில் ஆபத்து என்றும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்குப் பாலப் பருவத்திலேயே ஆபத்து என்றும் பிரித்துக் காட்டினார்.

இப்பின்னணியில்தான் ஜோஹானஸ்பர்க் வைத்தியர் ஹாரி செஃப்டெல் கண்ட விஷயம் வியப்பூட்டுகிறது. இருவழியிலும் குறைபாடு பெற்ற குழந்தை பத்து லட்சத்தில் ஒன்று என்பது மேல்நாட்டாரின் அக்காலத்துக் கணக்கு; அவரோ அத்தகைய நோயாளிகளைக் கூட்டமாகக் கண்டு 1980-இல் அறிவித்தார். அவர்களிற் பெரும்பாலோர் ஆப்பிரிக்கானர். கணக்கு எளிதே. 500 பேரில் ஒருவர் குறைபாட்டைச் சுமந்தால், அத்தகைய இருவர் மணந்து, அவர்களுடைய நான்கு பிள்ளைகளில் ஒன்று இருவழியும் பெறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. 100 பேரில் ஒருவர் சுமந்தாலோ 40,000-இல் ஒன்று. ஆப்பிரிக்கானரிடம் நிலைமை இந்த இரண்டாவது கணக்குக்கே நெருங்கியதாயிருந்தது.

அவர்களுடைய இறைச்சி உணவின் மீது பழி போடுவது சுலபம்; உணவு தீமையை வளர்க்கும் என்பதும் மெய்யே. எனினும், அதே உணவை உண்ட அண்டை வீட்டான் எழுபது வயது வாழ, குறைபாடுள்ளவன் நாற்பதில் மாய்ந்ததற்குக் காரணத்தை அடுக்களையில் தேடிப் பயனில்லை. டல்லஸ் நகர ஆராய்ச்சியாளர்களான பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் அதை உயிரணுவின் மேற்பரப்பிலே கண்டனர்: ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பியைப் படைக்கும் மரபணு பழுதுபட்டிருந்தது. 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1989-இல் அம்மரபணுவின் இரண்டு திரிபுகளே ஆப்பிரிக்கானரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும் வெளியாயிற்று. வேறுவேறு மூதாதையர் பலர் கொணர்ந்திருந்தால் திரிபுகளும் பலவாக இருந்திருக்குமல்லவா?

ஜப்பானியரான அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளின் வழிவந்த கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள், அம்மரபணுவின் பழுதுபடாத மற்றொரு பிரதியைத் தூண்டி ஏற்பிகளைப் பெருக்குகின்றன. அந்த நல்ல பிரதியே இல்லாத குழந்தைகளுக்கு அவற்றால் விளையும் பயன் சொற்பம். ரத்தத்தைக் கருவி வழியே செலுத்திக் கொழுப்பை வடித்தெடுக்கும் சிகிச்சையே அவர்களுக்கு நெடுங்காலம் கதியாயிருந்தது. இப்போது ஒருவரிடம் இக்குறை தென்பட்டால், அவருடைய உடன்பிறந்தாரையும் மக்களையும் வரவழைத்து, நெஞ்சுவலிக்குக் காத்திராமல் ரத்தத்தைச் சோதித்துவிடுகிறார்கள்.