வளைந்த கை வென்ற வரலாறு



பந்து எறிந்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அதிலே பந்தெறிபவன்தான் நாயகன். முழங்கையை மடக்கி, வெடுக்கென்று நீட்டி, விட்டெறிவான். அதற்குச் சம்பளமும் உண்டு, புகழும் உண்டு. கிரிக்கெட்டிலோ கதை வேறு. அங்கே பந்தை எறியக்கூடாது, வீசத்தான் வேண்டும். கை சுழன்று வரும்போது மடங்கிய முழங்கையை நீட்டிவிட்டால், 'நோ பால்' என்று நடுவர் சொல்லிவிடுவார். ஓர் ஆட்டத்தில் திறமை என்று போற்றப்படுவது மற்றோர் ஆட்டத்தில் குற்றம்!

அந்தக் குற்றச்சாட்டைப் பல்லாண்டுகள் சுமந்துகொண்டே, உலகில் எவரும் எட்டாத உயரத்தை எட்டிய ஒரு தமிழரின் வரலாறு இது. அவர் பெயர் முத்தையா முரளிதரன். நம் பிள்ளைகள் காற்பந்தும் கைப்பந்தும் ஆடுகிறவர்கள். கிரிக்கெட் நமக்குக் கொஞ்சம் தூரம்தான். ஆனால் முரளி நமக்குத் தூரத்து மனிதர் அல்லர். ஏன் என்று கேளுங்கள்.

பாட்டன் போன பாதை

நம் பாட்டன்மார் கங்காணி பின்னால் கப்பலேறி பகாவ், ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். அதே காலத்தில் அதே தமிழ் மண்ணிலிருந்து இன்னொரு கூட்டம் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கேயும் கங்காணி, அங்கேயும் லயம், அங்கேயும் விடியற்காலைப் பெரட்டு. முரளியின் பாட்டனார் 1920-இல் அப்படிப் போனவர்தான்.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு அலைந்த நம்மவர்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. மனிதர்களைத் தேயிலைப் பெட்டி போலப் பங்கு போட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

முரளியின் பாட்டனாரும் பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிட்டார். மகன் முத்தையா இலங்கையிலேயே தங்கி, கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். அவருக்கு நான்கு ஆண் பிள்ளைகள். 1972 ஏப்ரல் 17-இல் பிறந்த முரளிதான் மூத்தவர். 1977-இல் நடந்த இனக் கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை தீக்கிரையானது. அப்போது முரளிக்கு வயது ஐந்து. சாம்பலிலிருந்து அந்தக் குடும்பம் மறுபடி எழுந்தது.

பள்ளிக்கூடம் கண்டெடுத்த பந்து

ஒன்பது வயதில் முரளி கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோதான், "நீ சுழற்பந்து போட்டுப் பாரேன்" என்று திசை மாற்றிவிட்டார். பெற்றோர்களே, ஓர் ஆசிரியரின் கண் எவ்வளவு பெரியது பாருங்கள்! பள்ளியின் கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள். 1990-91-இல் இலங்கையின் சிறந்த பள்ளி கிரிக்கெட் வீரர் விருது. பிறகு கொழும்புத் தமிழ் யூனியன் கழகம். 1992 ஆகஸ்டில், இருபதாம் வயதில், இலங்கைக்காக முதல் டெஸ்ட் ஆட்டம்.

அவர் கையில் அப்படி என்ன விசேஷம்? பிறவியிலேயே முரளியின் வலது முழங்கை முழுமையாக நீளாது. சற்று வளைந்தே நிற்கும். ஆனால் தோளும் மணிக்கட்டும் மற்றவர்களுக்குச் சுழலாத அளவுக்குச் சுழலும். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு மணிக்கட்டின் அருமை தெரியும். உளி பட்டையில் ஆழம் போகாமலும் பால் நிற்காமலும் ஓடுவது மணிக்கட்டின் வேலைதானே! முரளியும் மணிக்கட்டால்தான் பந்தைத் திருப்பினார். தரையில் பட்டதும் அது பாம்பு போலச் சீறித் திரும்பும்.

மெல்பர்னில் விழுந்த அடி

1995 டிசம்பர் 26. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மைதானம். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம். நடுவர் டாரல் ஹேர், முரளி பந்தை எறிகிறார் என்று சொல்லி, மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை 'நோ பால்' கொடுத்தார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, இருபத்து மூன்று வயதுப் பையனின் பிழைப்பையே கேள்வியாக்கிவிட்டது அந்தக் குரல். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, "நம்ம பையன்" என்று பக்கத்தில் நின்றார். சிங்களவரான அந்தத் தலைவர் தமிழ்ப் பையனைக் கைவிடவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

முரளி என்ன செய்தார்? சண்டைக்குப் போகவில்லை, ஓடி ஒளியவுமில்லை. "என் கையை அளந்து பாருங்கள்" என்று விஞ்ஞானிகள் முன்னால் போய் நின்றார். 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் சோதித்தார்கள். எறிவது போலத் தெரிவது கண்ணின் மயக்கமே என்று முடிவு வந்தது. அதே ஆண்டு மார்ச் 17-இல் லாகூரில் இலங்கை ஆஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணியில் முரளியும் இருந்தார்.

அதோடு தொல்லை தீர்ந்ததா? இல்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ராஸ் எமர்சன் மறுபடியும் 'நோ பால்' என்றார். 2004-இல் ஆஸ்திரேலியப் பிரதமரே அவரை 'எறிபவர்' என்று பேசினார். அதே ஆண்டில் முரளியின் 'தூஸ்ரா' என்ற எதிர்ப்புறம் திரும்பும் பந்து சோதனைக்குப் போனது. இங்கே உண்மையை மறைக்கக் கூடாது. அந்தப் பந்தில் முழங்கை 14 பாகை நீண்டது. சுழற்பந்துக்கு அன்றைய வரம்பு 5 பாகைதான். பயிற்சி செய்து 10 பாகை அளவுக்குக் குறைத்தார். அப்போதும் வரம்புக்கு மேலேதான். அந்தப் பந்தைப் போடாதே என்றார்கள், நிறுத்திக்கொண்டார். முழங்கையை நீட்ட முடியாதபடி கடினமான கட்டுப் போட்டுக்கொண்டு, படக்கருவி முன்னால் வீசியும் காட்டினார்.

அதற்குள் நவீனக் கருவிகள் மற்றவர்களையும் அளந்தன. என்ன தெரிந்தது? கை நேராக இருக்கிறது என்று எல்லாரும் நம்பிய பெரிய பெரிய வீரர்களுக்கும் முழங்கை நீளத்தான் செய்தது! அதனால் 2005-இல் எல்லாருக்கும் 15 பாகை என்று ஒரே விதி வந்தது. முரளிக்காகவே விதியை வளைத்தார்கள் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அளவுகோல் எல்லார் கையிலும் வைக்கப்பட்டது என்பதே உண்மை.

எண்ணூறாவது விக்கெட்

1998-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட்டுகள். 2007 டிசம்பரில் சொந்த ஊர் கண்டியிலேயே ஷேன் வார்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டினார். 2010 ஜூலையில், காலியில், இந்தியாவுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட். அப்போது அவர் கணக்கில் 792. எட்டு விக்கெட் கிடைத்தால் எண்ணூறு. ஏழு கிடைத்துவிட்டது, மிச்சம் இருந்ததோ இந்தியாவின் ஒரே ஒரு விக்கெட். அதை வேறொருவர் எடுத்துவிட்டால் போச்சு! கடைசியில் பிரக்யான் ஓஜா அடித்த பந்தை மகேல ஜயவர்தன பிடித்தார். டெஸ்டில் முரளி வீசிய கடைசிப் பந்தே எண்ணூறாவது விக்கெட்! ஒருநாள் ஆட்டங்களில் 534. இந்த இரண்டு எண்ணிக்கையையும் இன்றுவரை எவரும் எட்டவில்லை.

மெல்பர்ன் அவமானத்துக்குச் சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26-இல், தென்னிலங்கைச் சீனிகமையில் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்க முரளி போய்க்கொண்டிருந்தார். ஏறக்குறைய இருபது நிமிடம் தாமதமானதால் ஆழிப்பேரலையில் தப்பினார். உடனே லாரிகளில் உணவு ஏற்றி, பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பி வைத்தார். இன்னார் இனத்தார் என்று அவர் பார்க்கவில்லை. அவருடைய அரசியல் கருத்துகளைத் தமிழர் பலர் ஏற்பதில்லை. அது வேறு வழக்கு.

பெற்றோர்களே, இடது கையால் எழுதுகிற பிள்ளையின் கையைத் தட்டாதீர்கள். திக்கிப் பேசுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மாணவர்களே, "உனக்கு வராது" என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கி எறியாதீர்கள். "அளந்து பாருங்கள்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அளக்கும்போது குறை தெரிந்தால் திருத்திக்கொள்ளுங்கள்; குறை இல்லையென்றால் பயமின்றி வீசுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவரின் பேரனால் முடிந்தது, ரப்பர் தோட்டத்துப் பேரன் பேத்திகளால் முடியாதா என்ன?

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!