ஒன்றரைச் சுற்றுத் திருகாணி



இன்று ஒரு சின்னத் திருகாணியின் வரலாறு.

உங்களில் பலர் வீட்டில் டிவிஎஸ் 50 நின்றிருக்கும். சிலர் ஆர்எக்ஸ் 100 ஓட்டியிருப்பீர்கள். இரண்டும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். 1891-இல் இங்கிலாந்தில் ஜோசப் டே காப்புரிமை பெற்ற எஞ்சினின் வழிவந்தவை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் மேலே வால்வுகள் கிடையாது. பிஸ்டனே ஏறி இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைத் திறந்து மூடும். பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. அதனால்தான் 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, சைக்கிள் மிதித்தவர்களின் முதல் வண்டியானது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அதை ட்யூன் செய்ய மெக்கானிக்குகளுக்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் நல்ல காதும் போதும். எஞ்சின் சூடானதும் ஏர் ஸ்குருவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார்கள். பிறகு கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. சத்தம் சீராகி வேகம் கூடும் இடத்தில் நிறுத்தி, ஐட்லிங்கைக் குறைப்பார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார்கள். இளம் காப்பி நிறம் என்றால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

வம்பு அந்த வெளுப்பில்தான். "மைலேஜ் கூடுற மாதிரி வெச்சுக் குடுங்கண்ணே" என்று கேட்காதவர் யார்? ஆனால் டிவிஎஸ் 50 போன்ற வண்டிகளில் எஞ்சினுக்குள் ஆயில் போவதே பெட்ரோலோடு கலந்துதான். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசு, போர் போட்டு பிஸ்டன் மாற்றும் செலவில் வட்டியோடு போய்விடும். "ஒன்றரைச் சுற்று போதும் தம்பி" என்று மறுத்த மெக்கானிக்தான் நமக்கு லாபம் பார்த்துக் கொடுத்தவர்.

அந்தத் திறமையாலும் தீராத குறை ஒன்று இருந்தது. இந்த எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அதனால் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். கூடவே ஆயில் புகை. எந்தத் திருகாணியாலும் அதை நிறுத்த முடியாது. 1991-இல் தொடங்கிய புகைக் கட்டுப்பாடுகள் 1996-இலும் 2000-இலும் இறுகின. 1996-இல் ஆர்எக்ஸ் 100 நின்றது. 2015-இல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. 2020-இல் பிஎஸ் 6 விதி வந்தபோது அதிலிருந்து கார்புரேட்டரும் போய், எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் செலுத்தும் கருவி வந்தது.

காற்று சுத்தமாவது நல்லதுதான். நம் பேரப்பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது. ஆனால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறையில் சேர்ந்து, காதால் கேட்டும் நிறம் பார்த்தும் தொழில் கற்றவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. வரலாற்றுப் பாடத்திலும் அவர்கள் இல்லை.

உங்கள் ஊரில் அப்படி ஒரு மெக்கானிக் இருந்தால், அவர் எப்படித் தொழில் கற்றார் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்