பூ முதல் தண்டு வரை, தலை முதல் கால் வரை

இன்று கொஞ்சம் சமையல் வரலாறு.

1951-இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தபோது இங்கே அரிசிக்கு ரேஷன். 1952-இல் முதல்வர் ராஜாஜிதான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசி அளந்து கிடைத்த காலத்தில் காய்கறியில் எதை வீணாக்க முடியும்? மயிலாப்பூர் வீடுகளில் வாழைப்பூ உசிலியாகும், காய் பொரியலாகும், தண்டு கூட்டாகும். பீர்க்கங்காய்த் தோல்கூடத் துவையல்தான்.

கறி சமைக்கும் வீடுகளிலும் இதே கணக்கு. தொடைக்கறி விலை அதிகம். தலை, குடல், கால், சுவரொட்டி மலிவு. திருவல்லிக்கேணி இஸ்லாமியர் வீட்டுத் தால்சாவைப் பாருங்கள். எலும்புக்கறி, பருப்பு, கத்தரிக்காய், மாங்காய். சிறுதீயில் எலும்பின் சாறு இறங்கும், பருப்பு அதைக் கெட்டியாக்கும், காய் அளவைக் கூட்டும். கொஞ்சம் எலும்பில் ஒரு குடும்பமே சாப்பிட்டு எழும்.

வகுப்பில் குடல் குழம்பு கொண்டுவந்த பிள்ளைகள் டப்பாவை மூடியால் மறைத்துச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஏழை வீட்டுச் சாப்பாடு என்று கூச்சம். அந்தக் குடலை மஞ்சளும் உப்பும் போட்டுப் பலமுறை கழுவிச் சமைத்த தாயின் உழைப்பை யார் மதிப்பெண் போட்டார்கள்? இன்று ஆட்டுக்கால் பாயாவை ஓட்டலில் காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறோம்.

உங்கள் பாட்டி எதையெல்லாம் எறியாமல் சமைத்தார்? அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். இங்கேயும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.