ஊழும் தன்விருப்பும்: சென்னையின் நடத்தைசார் மூளை அறுவை வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மனிதச் செயல் ஊழால் அமைவதா, தன்விருப்பால் அமைவதா என்னும் வினாவை இன்றைய நரம்பியல் புதிதாக எழுப்பியதாகக் கருதுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் நிகழ்ந்த நடத்தைசார் மூளை அறுவைகள் இவ்வினாவை நடைமுறையில் எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஊழ், ஆள்வினை, தன்விருப்பு, அமிக்டலா, ஒப்புதல்.

முன்னுரை

திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் (38) ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் (62) வகுத்துள்ளது. முன்னது ஊழின் வலிமையைக் கூற, பின்னது சோர்வற்ற முயற்சி அதனையும் வெல்லும் என்கிறது. இதனை முரண் எனக் கொள்வாரும் உளர். எனினும் இரண்டும் ஒரே மனிதரை நோக்கியே பேசுகின்றன. ஊழுக்கு உட்பட்டவரே முயல்பவரும் ஆவார். இந்த ஒருமை மருத்துவத்தில் நிலைத்ததா என்பதே இங்குக் கேள்வி.

சென்னையில் நடத்தைசார் அறுவை

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் பா. இராமமூர்த்தி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களில் அவரும் பாலசுப்பிரமணியம், கனகா முதலியோரும், மருந்துக்குக் கட்டுப்படாத வன்நடத்தை உடையோர்க்கு மூளை அறுவை செய்தனர். மண்டையோட்டில் இட்ட சிறு துளை வழியாக, அளந்து குறித்த ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் வாதுமை வடிவ நரம்புத்திரளை அடைந்து அதன் ஒரு பகுதியை அழிப்பது அம்முறை. ஜப்பானில் நரபயாஷி 1963இல் இத்தகைய அறுவையின் பயனை வெளியிட்டிருந்தார். சென்னையில் அறுவை பெற்றவருள் சிறுவரும் இருந்தனர். இராமமூர்த்தி 1988இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 603 அறுவைகளைக் குறிக்கிறது. அவற்றுள் 481 இருபுற அமிக்டலா அறுவைகள். 122 ஹைபோதலாமஸ் அறுவைகள்.

இவ்வகை மருத்துவத்தைச் சென்னைக் குழுவினர் 'அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை' என்னும் பொருள்தரும் பெயரால் வழங்கினர். நோயாளியை அமைதியானவராகவும் கையாளத் தக்கவராகவும் ஆக்குவது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. இவ்வரையறை கருதத்தக்கது. அமைதி நோயாளிக்கு உரியது; கையாளுதலோ பிறர்க்கு உரியது. தன்னையும் பிறரையும் ஓயாது தாக்கும் பிள்ளையை வீட்டில் வைத்துக் காத்த குடும்பங்களின் துயரம் பொய்யன்று. ஆயினும் அறுவையின் வெற்றியை அளந்த கோல், நோயாளியின் விருப்பம் விரிவடைந்ததா என்பதைத் தன்னுள் கொண்டிருக்கவில்லை.

ஊழின் பங்கீடு

வன்மையை நெறிப்பிழை என்னாமல் மூளையின் ஓரிடத்து நோய் என்றமையால் நோயாளி பழியினின்று விடுபட்டார். அதே கூற்று அவரைத் தம் செயலுக்குத் தாமே உரியவர் என்னும் நிலையினின்றும் நீக்கியது. அதே வேளையில் அறுவைக்கு இசைந்த பெற்றோரும் அறுவை செய்த மருத்துவரும் ஆராய்ந்து முடிவெடுப்போராகவே கொள்ளப்பட்டனர். அவர்களுக்கும் அமிக்டலா உண்டு. அவர்தம் முடிவை யாரும் நரம்பின் விளைவு என்று கூறவில்லை. குறள் ஒருவரிடத்தே வைத்த ஊழும் ஆள்வினையும் இங்கு இருவேறு மனிதர்க்குப் பங்கிடப்பட்டன: நோயாளிக்கு ஊழ், ஏனையோர்க்கு ஆள்வினை.

லிபெட்டின் சோதனை

அமெரிக்க உடலியலறிஞர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனை பின்னரே வந்தது. விரலசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிநொடிக்கு முன்பே மூளையில் ஆயத்த மின்னலை எழுவதையும், அசைக்கும் விருப்பம் ஏறத்தாழ 200 மில்லிநொடிக்கு முன்பே உணரப்படுவதையும் அது காட்டியது. எனினும் தொடங்கிய செயலைத் தடுக்கும் ஆற்றல் எஞ்சியுள்ளது என்றே லிபெட் கருதினார். அவ்வலை முடிவைக் குறிப்பதன்று, நரம்புச் செயற்பாட்டின் இயல்பான ஏற்றத்தாழ்வே என 2012இல் ஷூர்கர் குழுவினர் வாதிட்டனர். விரலசைவின் மில்லிநொடிக் கணக்கு, சென்னை எழுப்பிய வினாவுக்கு விடையாகாது. அது ஒருவர்க்காக மற்றவர் விரும்பலாமா என்னும் வினா.

முடிவுரை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதன் 96ஆம் பிரிவில், மனநோய்க்கான மூளை அறுவைக்கு இரு கட்டுப்பாடுகளை விதித்தது. அறுவைக்கு உள்ளாகும் நபரின் விவரமறிந்த ஒப்புதலும் உரிய வாரியத்தின் இசைவும் வேண்டும். மூளை செயலைத் தீர்மானிக்கிறதா என்பதைச் சட்டம் ஆராயவில்லை. நோயுற்றவரும் விரும்பத் தக்கவர் என்பதை ஏற்றுக்கொண்டது. ஒப்புதல் அளிக்கவே இயலாதவர்க்கு இதனால் மருத்துவம் மறுக்கப்படுமோ என்னும் ஐயம் எஞ்சுகிறது. ஆயினும் பங்கிடப்பட்ட ஊழும் ஆள்வினையும் மீண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தன. தன்விருப்பின் வரலாற்றை ஆய்வுக்கூடத்தோடு, ஒப்புதல் படிவத்தில் யார் கையொப்பமிட்டார் என்பதிலும் தேட வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு.