ரெபெக்கா எழுதியவரின் வாடகை வீடு

கல்லூரியில் பி.காம். படித்தபோது எங்கள் விடுதியில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன ஒரு "ரெபெக்கா" இருந்தது. "பொம்பளைங்க படிக்கிற காதல் கதைடா" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். வாங்கினவன் விடிகாலை மூன்று மணி வரை விளக்கை அணைக்க மாட்டான்! பிறகு அதையே "கோரா" என்ற 1964 ஹிந்திப் படமாக, வஹீதா ரஹ்மான் பயந்து பயந்து நடக்கப் பார்த்தேன். எழுதிய டாப்னி டு மோரியேவின் கதையைப் படித்ததோ ரொம்ப நாள் கழித்து. படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் இந்தப் பதிவு.

1907-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஜெரால்ட், மேடை நாடகங்களில் பெரிய நட்சத்திரம். தாத்தா ஜார்ஜ், "பஞ்ச்" பத்திரிகையில் கார்ட்டூன் போட்டவர். "ட்ரில்பி" என்ற நாவலை எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். வீடு நிறையப் புத்தகம். சின்ன வயசில் காதரைன் மான்ஸ்ஃபீல்டின் சிறுகதைகள் மேல் பைத்தியம். ஆனால் ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது பிராண்டி சகோதரிகள்தான். அந்தச் சகோதரிகள் குழந்தைகளாக இருந்தபோது கொண்டால் என்று ஒரு கற்பனை நாடு கட்டி விளையாடியவர்கள். டாப்னி தன் குடும்பத்துக்குள் கற்பனையில் மிதப்பதற்கு "கொண்டால்" என்றே பெயர் வைத்திருந்தார். வாசிப்பு எவ்வளவு தூரம் ஊறியிருந்தது என்பதற்கு இது ஒன்று போதும்.

1926-ல் குடும்பம் கார்ன்வால் கடற்கரையில் ஒரு வீடு வாங்கியது. ஃபாய் என்ற ஊருக்கு எதிர்க்கரையில், படகுத்துறையை ஒட்டி. (ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தால் ஃபோவி என்று வரும், ஊர்க்காரர்கள் சொல்வது ஃபாய்.) அந்தப் பக்கத்தில் கப்பல் கட்டிய ஒரு குடும்பத்தின் பழைய கடிதங்கள் அவர் கையில் கிடைத்தன. அதை வைத்து எழுதிய முதல் நாவல் "தி லவிங் ஸ்பிரிட்" 1931-ல் வந்தது. அதைப் படித்துவிட்டு ஃப்ரெடரிக் பிரவுனிங் என்ற ராணுவ மேஜர் தன் மோட்டார் படகை ஓட்டிக்கொண்டு ஃபாய்க்கே வந்துவிட்டார். மறு வருஷம் கல்யாணம். இதை நம் ஊர் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்!

ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே டாப்னிக்கு இன்னொரு காதல் உண்டு. அது ஒரு வீடு. ஃபாய்க்குப் பக்கத்தில், அடர்ந்த காட்டுக்குள், ராஷ்லி என்ற பழைய ஜமீன் குடும்பத்துக்குச் சொந்தமான மெனபிலி. சொந்தக்காரர் அங்கே குடியிருக்கவில்லை. சுவரெல்லாம் கொடி படர்ந்து ஜன்னலை மூடிக் கிடந்தது. இருபது வயசுப் பெண் யாரையும் கேட்காமல் உள்ளே புகுந்து, ஜன்னல் வழியாகத் தூசி படிந்த அறைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். பிறகு உரிமையாளருக்கு எழுதி, தோட்டத்தில் நடமாட மட்டும் அனுமதி வாங்கினார்.

1937-ல் கணவருடைய படைப்பிரிவு எகிப்தில் இருந்தது. அலெக்ஸாண்ட்ரியா வெயிலில், விருந்தும் சம்பிரதாயமுமாக ஒரு அதிகாரியின் மனைவியாக இருப்பது அவருக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. கார்ன்வாலின் மழையையும் கடலையும் நினைத்து ஏங்கினார். அந்த ஏக்கத்தில் ஆரம்பித்ததுதான் ரெபெக்கா. முதலில் எழுதிய சுமார் 15,000 வார்த்தைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். கதையில் வரும் மாண்டர்லி மாளிகை பாதி மெனபிலி. மீதி, சிறு வயதில் போயிருந்த மில்டன் ஹால் என்ற இன்னொரு பெரிய வீடு. கதையின் உயிரோ வேறு இடத்திலிருந்து வந்தது. கணவருக்கு முன்பு நிச்சயம் செய்யப்பட்டிருந்த பெண் எழுதிய கடிதங்கள் டாப்னி கண்ணில் பட்டிருந்தன. மிடுக்கான கையெழுத்து. "அவளைவிட நான் குறைச்சலோ" என்ற அரிப்பு. ரெபெக்காவில் கதை சொல்லும் இரண்டாவது மனைவிக்குப் பெயரே கிடையாது; செத்துப்போன முதல் மனைவியின் கையெழுத்துதான் பக்கத்துக்குப் பக்கம் மிரட்டும். எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

1938 ஆகஸ்டில் விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் முதல் பதிப்பாக 20,000 பிரதி போட்டது. அடுத்த பதிப்பு, அடுத்த பதிப்பு என்று ஓடியது. 1940-ல் ஹிட்ச்காக் படமாக எடுத்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது. பொறாமையைப் பற்றி எழுதியதாகத்தான் டாப்னி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் "காதல் கதாசிரியை" என்று பட்டம் கட்டி, அதைக் கழற்றவே விடவில்லை. நம் விடுதிப் பையன்களை என்ன சொல்ல!

புகழோடு வழக்கும் வந்தது. பிரேசிலில் கரோலினா நபுகோ என்ற எழுத்தாளர் 1934-லேயே இதே மாதிரி, முதல் மனைவியின் நிழலில் வாழும் இரண்டாம் மனைவியைப் பற்றி "வாரிசு" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதியிருந்தார். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. அமெரிக்காவில் எட்வினா மெக்டொனால்ட் என்ற எழுத்தாளரின் தரப்பு போனது. 1947-ல் டாப்னி குழந்தைகளோடு நியூயார்க்குக்குக் கப்பலேறிப் போய்க் கூண்டில் நின்றார். நாள் கணக்கில் கேள்வி. தன் மனசுக்குள் இருந்த பொறாமையை வக்கீல்களுக்கு விளக்க வேண்டிய அவஸ்தை. கை கொடுத்தது அவருடைய குறிப்பு நோட்டு. அத்தியாயம் அத்தியாயமாகக் கதையை அதில்தான் திட்டமிட்டிருந்தார். நாயகன் மாக்ஸிமுக்கு அதில் ஹென்றி என்று பெயர். 1948-ல் வழக்கு தள்ளுபடி. தொழில் புத்தி, எனக்கு இந்த நோட்டின் மேல் தனி மரியாதை: கதை தன்னுடையதுதான் என்று காட்ட அவரிடம் பத்திரம் இருந்தது.

வீட்டுக்குத்தான் பத்திரம் இல்லை.

1943-ல் மெனபிலியை இருபது வருஷ லீஸுக்கு எடுத்தார். வீடு விற்பனைக்கே இல்லை, பரம்பரைச் சொத்து. ரிப்பேர் செலவு முழுக்கக் குடியிருப்பவர் தலையில். போர்க்காலம், கணவர் போர்முனையில். ஒழுகும் கூரை, மின்சாரம், தண்ணீர், எல்லாவற்றுக்கும் ராயல்டிப் பணத்தைக் கொட்டினார். இப்படி ஒரு கேஸ் என் மேஜைக்கு வந்திருந்தால் "அம்மா, அடுத்தவர் சொத்தில் போடும் பணம் திரும்பாது" என்று அனுப்பியிருப்பேன். அவருக்கு இது தெரியாததில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல், ஊர் ஊராக வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி என்று வாழ்கிற எனக்கு, அவர் செய்தது கணக்கில் தப்பாகப் பட்டாலும் மனசுக்குப் புரிகிறது.

அந்த வீடும் பதிலுக்குக் கொடுத்தது. 1824-ல் வீட்டைப் பழுது பார்த்தபோது சுவருக்குள் மூடிக் கிடந்த ஒரு சிறு அறையில் பழங்காலப் படைவீரன் உடையில் எலும்புக்கூடு கிடைத்ததாக ஒரு கதை உண்டு. அதிலிருந்து பிறந்தது "தி கிங்ஸ் ஜெனரல்" (1946). "மை கஸின் ரேச்சல்", "தி பேர்ட்ஸ்" எல்லாம் மெனபிலி காலத்தவைதான். அவ்வளவு பெரிய மாளிகை இருக்க, எழுதியது தோட்டத்தில் போட்ட ஒரு சின்னக் குடிலில், டைப்ரைட்டரோடு.

1960-ல் பிராண்டி சகோதரிகளின் உருப்படாமல் போன சகோதரன் பிரான்வெல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் படித்து, வேறொருவரும் அதே விஷயத்தில் புத்தகம் எழுதுவது தெரிந்து, பதறிப் பதறி முடித்தது. ஆராய்ச்சியாளர் என்று நாலு பேர் மதிப்பார்கள் என்ற ஆசை. பெரிதாக விற்கவில்லை. எனக்கு அவர் புத்தகங்களில் பரிதாபமும் பிரியமும் வருவது இதன் மேல்தான்.

1965-ல் கணவர் இறந்தார். லீஸ் முடிந்தது, ராஷ்லி வாரிசு வீட்டைக் கேட்டார். 1969-ல் அதே எஸ்டேட்டைச் சேர்ந்த கில்மார்த் என்ற வீட்டுக்கு மாறினார். அதுவும் வாடகைதான். முன்னால் அங்கே குடியிருந்தவர் சார்ல்ஸ் சிங்கர் என்ற அறிவியல் வரலாற்றுப் பேராசிரியர். அவர் விட்டுப்போன ஆய்வு ஜாடிகள் நிலவறையில் இருந்தன. டாப்னி அவற்றைப் பார்த்தார். ஒரு மருந்தைக் குடித்துவிட்டு, அதே வீட்டில் பதினாலாம் நூற்றாண்டில் வாழ்ந்தவன் பின்னால் அலைகிற ஒருவனின் கதையாக "தி ஹவுஸ் ஆன் தி ஸ்ட்ராண்ட்" அந்த வருஷமே வெளிவந்தது. 1989-ல் இறக்கும் வரை கில்மார்த்திலேயே இருந்தார்.