கணக்கேடும் எஞ்சினும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மாட்டுவண்டிச் சவாரியில் சோடிகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தே ஓடவிடுவார்கள். காளையை என்ன விலைக்கு வாங்கினீர், தீனிக்கு எவ்வளவு கொட்டினீர் என்று திடலில் எவரும் விசாரிப்பதில்லை. காசை அள்ளியெறிந்து வாங்கிய சோடி மேல் தரத்துக்குப் போனால், பக்கத்தில் நிற்பதும் அதற்கு ஈடான சோடிதான். போர்முலா 1 கார்ப் பந்தயமோ 2021இல் நேர்மாறான வழியைப் பிடித்தது: அணிகளின் செலவுக்கு வரம்பு வைத்து, காரைவிடக் கணக்கேட்டைப் பரிசோதிப்பது. பந்தயத்தில் பணத்தின் வீச்சைக் குறைக்க நினைப்பவர்கள் ஓடும் பொருளைத்தான் கட்ட வேண்டும். கணக்கைக் கட்டுவது அரைவாசி வேலை. தமிழ்நாட்டு மோட்டார் பந்தய வரலாறும் இதையே காட்டுகிறது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களுக்கு இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே முன்னுக்கு நிற்க, வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்யும் வசதி வேண்டியிருந்தது. தொழிலதிபர் விஜய் மல்லையா பழைய என்சைன் போர்முலா 1 கார் ஒன்றையே கொண்டுவந்து ஓட்டினார். வீட்டுக் காரைத் திருத்தி எடுத்து வந்தவர் அதன் புகையைத்தான் பார்த்திருப்பார். இந்த ஏற்றத்தாழ்வுக்கு மாற்று வழி கண்டவர் கோயம்புத்தூர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன். வசதிக்குக் குறைவில்லாதவர். இருந்தும் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினைப் பொருத்தி போர்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை வடிவமைத்தார். எல்லோருக்கும் அதே சட்டகம், அதே எஞ்சின். எவ்வளவும் செலவழிக்கலாம் என்றாலும், செலவழிக்க இடம் அதிகம் இல்லை. 1995இல் அவர் விமான விபத்தில் இறந்த பிறகும் அந்த வழி தொடர்ந்தது. கோயம்புத்தூர்ப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

மலிவான கார் மலிவான ஓட்டுநரைத்தானே உருவாக்கும் என்று கேட்கலாம். போர்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இலும் கருண் சந்தோக் 2010இலும் போர்முலா 1இல் ஓடினார்கள். அது வாசல்வரைதான் கொண்டுபோனது என்பதும் உண்மை; அதற்கு அப்பால் ஐரோப்பாவில் விளம்பரதாரர் பணம் தேவைப்பட்டது. பிறகு இருவரும் ஓட்டிய எச்ஆர்டி அணியின் கதையைப் பாருங்கள். 2009இல் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் தலைவர் மக்ஸ் மோஸ்லி ஆண்டுக்கு 40 மில்லியன் பவுண் என்ற செலவு வரம்பை முன்மொழிந்தார். அதை நம்பிச் சிறு அணிகள் போர்முலா 1இல் சேர விண்ணப்பித்தன. பெரிய அணிகள் பிரிந்து போவோம் என்று மிரட்ட, வரம்பு கைவிடப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எச்ஆர்டி 2012உடன் மறைந்தது. அதே 2009இல் பருவகாலச் சோதனை ஓட்டங்களுக்குத் தடை வந்தது. அதற்கு முன்னரே எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் ரயர், ஒரே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஆகியிருந்தது. பொருளைத் தொட்ட இந்த விதிகள் பெரும்பாலும் நிலைத்தன.

கடைசியில் 2021இல் 145 மில்லியன் டொலர் வரம்பு வந்தது. ஓட்டுநர் சம்பளமும், அதிக ஊதியம் பெறும் மூவரின் சம்பளமும், விளம்பரச் செலவும் அதில் சேரா. எந்த ஓட்டை வழியாக எது ஒழுகும் என்பதைக் கணக்காளர்களே முதலில் அறிவார்கள். எல்லோரும் ஒரே காரை ஓட்டினால் அது போர்முலா 1 ஆகாது, அங்கே பொறியியலும் போட்டியின் பாதி என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. அதனால் கணக்கு வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலாண்டு வரம்பை ரெட் புல் மீறியதற்கு 2022 ஒக்டோபரில் கிடைத்த தண்டனை இரண்டு பாகமானது: 7 மில்லியன் டொலர் அபராதம், காற்றியக்கச் சோதனை நேரத்தில் 10 வீதக் குறைப்பு. பணத்தைக் கட்டிவிடலாம், காற்றுச் சுரங்கத்தில் இழந்த நேரத்தை எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அடுத்த ஆண்டே அதே அணி 22 பந்தயங்களில் 21ஐ வென்றதே என்பார்கள். அந்தக் காரின் வேலை பெரும்பாலும் தண்டனைக்கு முன்பே முடிந்திருக்கும். 2024இல் அணிகளுக்கான பட்டம் மக்லாரனுக்குப் போனது. அதற்குக் காரணம் இந்தக் குறைப்பு மட்டும் அல்ல, ஆனாலும் அதைக் கணக்கில் சேர்க்காமலும் விட முடியாது.